குடியை நிறுத்த ஏ.ஏ. கூட்டம் தேடுகிறீர்களா? முதல் நாள் நாற்காலியில் போய் உட்காரும்வரை

தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூட வாசலில், ஒரு புதன்கிழமை மாலை ஏழு மணிக்கு, கையில் காகிதத்தோடு நின்றேன். "புதன், 7.00, ஏ.ஏ. கூட்டம்" என்று எழுதி, முகவரியையும் குறித்து வைத்திருந்தேன். கேட் பூட்டியிருந்தது. வாட்ச்மேனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அது வேற இடத்துக்குப் போய் ஏழெட்டு மாசம் ஆச்சே சார்" என்றார். எங்கே போனது என்று அவருக்குத் தெரியவில்லை. திரும்பி நடந்தால் இரண்டாவது தெருவிலேயே டாஸ்மாக். அன்றைக்கு அங்கேதான் போனேன். மறுபடியும் ஒரு கூட்டத்தைத் தேடிக் கிளம்ப எனக்கு நான்கு மாதம் ஆனது.

அந்த நான்கு மாதம் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன். நிறுத்த வேண்டும் என்ற எண்ணம் வருவதே பெரிய விஷயம். அது வந்த அன்றைக்கே சரியான வாசலில் போய் நிற்க வேண்டும். பூட்டிய கேட் ஒன்றைப் பார்த்தால் போதும், மனசு திரும்பிவிடும்.

ஏ.ஏ. என்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். குடியால் அடிபட்டவர்கள் ஒன்றாக உட்கார்ந்து தங்கள் கதையைச் சொல்லி, ஒருவரைப் பார்த்து ஒருவர் குடிக்காமல் இருக்கும் இடம். அங்கே டாக்டர் கிடையாது, வார்டன் கிடையாது, சம்பளத்துக்கு வேலை பார்க்கும் கவுன்சலரும் கிடையாது. உறுப்பினர்கள் பொது இடத்தில் பெயரைச் சொல்வதில்லை என்பதால் நானும் இங்கே என் பெயரை எழுதவில்லை. ஏ.ஏ.வின் சார்பாகவும் பேசவில்லை. நான் பட்டதைச் சொல்கிறேன், அவ்வளவுதான். எனக்குத் தெரிந்த சென்னையை வைத்துச் சொல்கிறேன். மதுரையோ கோவையோ திருச்சியோ, தேடும் முறை இதேதான். கூட்டங்களின் எண்ணிக்கைதான் ஊருக்கு ஊர் கூடும், குறையும்.

1. கூட்டத்துக்கு முன்னால் உடம்பைக் கவனியுங்கள்

காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறதா? ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் நடுக்கம் நிற்கிறதா? அப்படியென்றால் நாளைக் காலையிலிருந்து சட்டென்று நிறுத்துகிறேன் என்று சபதம் எடுக்காதீர்கள். முதலில் டாக்டரைப் பாருங்கள். கூட்டம் அடுத்த வாரமும் இருக்கும்.

நெடுநாள் தினமும் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் தாங்காது. கடைசியாகக் குடித்து ஆறேழு மணி நேரத்திலேயே நடுக்கம், வியர்வை, படபடப்பு, வாந்தி எல்லாம் தொடங்கிவிடும். முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாள் முடிவிலிருந்து நான்காம் நாள்வரை இன்னொரு ஆபத்து இருக்கிறது. பிதற்றல், இல்லாத உருவங்கள் தெரிவது, ஆளையும் இடத்தையும் மறந்துபோவது. இது உயிரைப் பறிக்கக்கூடியது. நான் ஒருமுறை வீட்டிலேயே வீம்பாக நிறுத்தினேன். மூன்றாம் நாள் இரவு, மின்விசிறிக் கம்பியில் எறும்பு வரிசையாகப் போகிறது, துணியை எடுத்துத் துடை என்று மனைவியிடம் சத்தம் போட்டேன். அவள் ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி, ஒன்றும் சொல்லாமல் என் தம்பிக்குப் போன் செய்தாள். அங்கே எறும்பே இல்லை. இந்த அறிகுறிகளில் ஒன்று தெரிந்தாலும் 108ஐக் கூப்பிடுங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

அவசரம் இல்லையென்றால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். மனநலம் என்ற சொல்லைப் பார்த்துப் பலர் திரும்பிப் போகிறார்கள். குடிநோயைப் பார்ப்பது அந்தப் பிரிவுதான். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் எல்லாவற்றிலும் இந்தப் பிரிவு உண்டு. சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையிலும் பார்க்கலாம். 2025இல் தமிழக அரசு 'கலங்கரை' என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களை அரசு மருத்துவமனைகளில் திறந்திருக்கிறது. உங்கள் மாவட்டத்தில் எங்கே என்று 104 மருத்துவ உதவி எண்ணில் கேளுங்கள்.

வெளிநோயாளி சீட்டு காலையில்தான் போடுவார்கள். மதியம் போனால் அலைச்சல்தான் மிச்சம். எட்டு மணிக்கே வரிசையில் நின்றுவிடுங்கள். ஆதார் அட்டை, பழைய மருத்துவச் சீட்டுகள், சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ சாப்பிடும் மாத்திரை அட்டை, இவற்றை ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். கூட ஒருவர் வரட்டும். அட்மிட் ஆகச் சொன்னால் துணைக்கு ஆள் வேண்டும். தினம் எவ்வளவு குடிக்கிறீர்கள், கடைசியாக எப்போது குடித்தீர்கள் என்று டாக்டர் கேட்பார். குறைத்துச் சொல்லாதீர்கள். ஒரு ஃபுல் குடிப்பவர் ஒரு குவாட்டர் என்று சொன்னால் அதற்குத் தகுந்த குறைந்த மருந்துதான் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. குடித்துக் குடித்துச் சாப்பாடு இல்லாமல் சோர்ந்து விழுந்தவரைத் தெருமுனை கிளினிக்குக்குக் கூட்டிப்போய் "ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க" என்று கேட்பது நம் ஊர் வழக்கம். குடிநோயாளியின் உடம்பில் பெரும்பாலும் தயமின் என்கிற பி1 வைட்டமின் வற்றிப்போயிருக்கும். அந்த நிலையில் பி1 கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். அதனால் எந்த கிளினிக்குக்குப் போனாலும் முதல் வார்த்தையாகக் குடிப்பழக்கத்தைச் சொல்லிவிடுங்கள்.

2. முகவரியைத் தேடாதீர்கள், போன் எண்ணைத் தேடுங்கள்

நான் செய்த தவறு இதுதான். எங்கோ கிடைத்த பட்டியலில் இருந்த முகவரியை நம்பிக் கிளம்பினேன். ஏ.ஏ. குழுக்களுக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. பள்ளிக்கூட வகுப்பறை, தேவாலய வளாகத்தில் ஒரு அறை, ஏதாவது சங்கக் கட்டடத்தின் மாடி என்று சின்ன வாடகைக்குப் பிடித்து நடத்துகிறார்கள். பள்ளியில் பரீட்சை வந்தாலும், இடத்துக்காரர் மனம் மாறினாலும் கூட்டம் இடம் மாறிவிடும். பட்டியல் அந்த வேகத்துக்கு மாறாது. போனை எடுக்கும் மனிதருக்குத்தான் இந்த வாரம் எங்கே என்று தெரியும்.

எண் கிடைக்கும் இடங்கள் மூன்று. ஏ.ஏ.வுக்கு இந்தியாவில் பொதுச் சேவை அலுவலகம் மும்பையில் இருக்கிறது. அதன் இணையதளத்தில் உங்கள் பகுதிக்கான தொடர்பு எண்ணைப் பாருங்கள். இரண்டாவது, மருத்துவமனை மனநலப் பிரிவு. அங்கே இருக்கும் நர்ஸிடமோ சமூகப் பணியாளரிடமோ கேளுங்கள். ஏ.ஏ. உறுப்பினர்கள் வார்டுக்கே வந்து நோயாளிகளிடம் பேசும் வழக்கம் பல ஊர்களில் உண்டு, அதனால் எண் அவர்களிடம் இருக்கும். எனக்குக் கடைசியில் வேலை செய்த எண் ஒரு நர்ஸ் சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்ததுதான். மூன்றாவது, அரசு உதவி எண்கள். போதை மீட்புக்கான தேசிய இலவச எண் 14446. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ், 14416. இது 24 மணி நேரமும் இயங்கும், தமிழில் பேசலாம். இவை ஏ.ஏ. நடத்தும் எண்கள் இல்லை. ஆனால் ராத்திரி ஒரு மணிக்குக் கை பாட்டிலைத் தேடும்போது பேச ஒரு குரல் கிடைக்கும், அருகில் எங்கே சிகிச்சை என்றும் கேட்டுக்கொள்ளலாம்.

இணையத்தில் தேடும்போது கவனம். குடியை மறக்க என்று தட்டினால் மேலே வருபவை பெரும்பாலும் விளம்பரங்கள். நான் அப்படி ஒரு எண்ணுக்குப் பேசினேன். கூட்டம் எங்கே நடக்கிறது என்று கேட்டேன். அவர்களோ வீட்டு முகவரி என்ன, வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள், சம்பளம் எவ்வளவு என்று கேட்டார்கள். "வண்டி அனுப்புறோம் சார், நீங்க ரெடியா இருந்தா போதும்" என்றார்கள். போனை வைத்துவிட்டேன். ஏ.ஏ.வில் யாரும் வண்டி அனுப்ப மாட்டார்கள், சம்பளமும் கேட்க மாட்டார்கள்.

3. போனில் என்ன கேட்பது

போன் செய்வதுதான் கஷ்டமான கட்டம். எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு நான் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். என்ன பேசுவது என்று தெரியாததுதான் காரணம். அதனால் நான் பேசியதை அப்படியே தருகிறேன்.

"சார், நான் குடியை நிறுத்தணும்னு நினைக்கிறேன். மீட்டிங் எங்க நடக்குதுன்னு சொல்ல முடியுமா?"

"ரொம்ப நல்லது தம்பி. எங்க இருந்து பேசுறீங்க?"

"குரோம்பேட்டை."

"இன்னிக்குக் குடிச்சிருக்கீங்களா?"

"காலைல கொஞ்சம்."

"சரி, பரவாயில்ல. நானும் அப்படித்தான் வந்தேன்."

பெயரைக்கூட அவர் கேட்கவில்லை. பேச்சு மூன்று நிமிடத்தில் முடிந்துவிட்டது. நீங்கள் மறக்காமல் கேட்க வேண்டியவை இவை. இன்றைக்கு அல்லது நாளைக்கு எனக்கு அருகில் எங்கே கூட்டம்? எத்தனை மணிக்கு? தமிழிலா, ஆங்கிலத்திலா? சென்னையில் இரண்டும் நடக்கின்றன. ஆங்கிலக் கூட்டத்தில் போய் ஒன்றும் புரியாமல் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். ஓப்பன் மீட்டிங்கா, குளோஸ்டு மீட்டிங்கா? ஓப்பன் என்றால் மனைவி, அண்ணன், நண்பர் யாரையும் கூட்டிப் போகலாம். குளோஸ்டு என்றால் குடிநோய் உள்ளவர்களுக்கும், குடியை நிறுத்த விரும்புகிறவர்களுக்கும் மட்டும். நுழைவாசல் எந்தப் பக்கம், எத்தனையாவது மாடி?

கடைசிக் கேள்வி இருப்பதிலேயே முக்கியம்: "கேட்ல யாராவது நிப்பாங்களா?" தயங்காமல் கேளுங்கள். புதிதாக வருபவருக்காக வாசலில் காத்திருப்பதை அவர்கள் தொந்தரவாக நினைப்பதே இல்லை. எனக்காக நின்றவர் ஊதா நிறக் கட்டம் போட்ட சட்டை போட்டிருப்பேன் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். எதிர்ப்பக்கம் பஸ் ஸ்டாப்பில் பத்து நிமிடம் நின்று அந்தச் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் என்னைப் பார்த்துவிட்டார். கூப்பிடவில்லை. நான் சாலையைக் கடந்த பிறகுதான் இரண்டடி முன்னால் வந்து கையை நீட்டினார்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. பேசுவதற்குப் பெண் உறுப்பினர் ஒருவரின் எண் வேண்டும் என்று முதல் போனிலேயே கேளுங்கள். நேரடிக் கூட்டங்களில் ஆண்கள்தான் அதிகம். முதல் நாள் தனியாகப் போக மனம் வரவில்லையென்றால் இணையவழிக் கூட்டத்தில் தொடங்கலாம். பெண்களுக்கு மட்டுமான கூட்டங்கள் அங்கே இருக்கின்றன. ஏ.ஏ.வின் ஆன்லைன் இன்டர்குரூப் தளத்தில் மொழியையும் நேரத்தையும் வைத்துத் தேடலாம். வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் ஆட்களுக்கும் இது உதவும். ஜூமில் சேரும்போது முழுப்பெயரை நீக்கிவிட்டு ஏதாவது ஒரு பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள். கேமராவை அணைத்து வைக்கலாம். வாட்ஸ்அப் குழுவில் சேர்க்கட்டுமா என்று கேட்டால் யோசித்துச் சொல்லுங்கள். அதில் உங்கள் எண்ணும் படமும் எல்லோருக்கும் தெரியும்.

4. ஆவணம், பணம்

இந்தப் பகுதி சின்னது. ஆவணம் எதுவும் வேண்டாம். ஆதார், முகவரிச் சான்று, டாக்டர் சீட்டு, போட்டோ என்று ஒன்றுமே கேட்க மாட்டார்கள். படிவம் கிடையாது. ஏ.ஏ.வில் சேர ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம்.

கட்டணமும் சந்தாவும் இல்லை. கூட்டத்தின் முடிவில் ஒரு பையோ டப்பாவோ சுற்றி வரும். இடத்து வாடகை, டீ, புத்தகம் எல்லாம் அந்தப் பணத்தில்தான். வெளியாரிடம் அவர்கள் நன்கொடை வாங்குவதில்லை. முதல் நாள் வந்தவர் போட வேண்டியதில்லை. நான் பத்து ரூபாய் எடுத்தபோது பக்கத்தில் இருந்தவர் "இன்னிக்கு நீங்க விருந்தாளி" என்று பையை அடுத்த ஆளிடம் தள்ளிவிட்டார். அதனால் முதல் நாள் செலவு பஸ் டிக்கெட் மட்டும்தான். போகவும் வரவும் சரியாக எண்ணிய சில்லறையை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். ஏ.டி.எம். கார்டை வீட்டில் வைத்துவிட்டேன். வழியில் கடை இருக்கிறது என்று தெரிந்தவர்கள் இப்படிச் செய்யலாம். யோசனை என் மனைவியுடையது.

ஏ.ஏ. பெயரைச் சொல்லிப் பதிவுக் கட்டணம், மாதாந்திரத் தொகை, அடையாள அட்டை என்று யாராவது கேட்டால் அது ஏ.ஏ. இல்லை, எழுந்து வந்துவிடுங்கள். கூட்டத்தில் அறிமுகமானவர்களிடம் கடன் கேட்பதையும் கொடுப்பதையும் தவிருங்கள். அங்கே நாம் எல்லோரும் கடனில் மூழ்கி எழுந்தவர்கள்தான். ஆயிரம் ரூபாய் விவகாரத்தில் முகம் பார்க்க முடியாமல் இரண்டு பேரும் கூட்டத்தை விட்டே நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன்.

5. நேரம்

கூட்டங்கள் பெரும்பாலும் மாலை ஆறரை, ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம் நடக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் காலையிலும் உண்டு. வேலை முடிந்து கால் தானாகக் கடைப் பக்கம் திரும்பும் நேரம் எதுவோ, அந்த நேரம்தான் கூட்ட நேரமும். டாஸ்மாக் மதியம் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறது. எட்டரைக்குக் கூட்டம் முடிந்து, டீ குடித்துப் பேசிவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்கு வரும்போது பத்து ஆகிவிடும். முதல் மாதத்தில் அந்தக் கணக்கு ஒன்றே என்னைக் காப்பாற்றியிருக்கிறது.

கால் மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். ஏழு மணிக்கு மேல் எல்லோரும் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் தனியாக நுழைய மனம் வராது. போவதற்கு முன் வயிற்றுக்கு ஏதாவது சாப்பிடுங்கள். பசி வந்தால் குடிக்கிற எண்ணமும் கூடவே வரும். பஸ் எண், இறங்க வேண்டிய நிறுத்தம், தொடர்பு எண் மூன்றையும் காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். என் செல்போன் முதல் நாள் அணைந்துபோனது.

குடித்திருந்தால் போகலாமா? போகலாம். அதற்காக ஒரு நாளைத் தள்ளிப்போடாதீர்கள். பின்வரிசையில் உட்கார்ந்து, பேசாமல் கேட்டுவிட்டு வாருங்கள். பைக்கை மட்டும் எடுக்காதீர்கள்.

6. உள்ளே என்ன நடக்கும்

பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மேசை, சுவரில் குடியிலிருந்து மீள ஏ.ஏ. சொல்லும் பன்னிரண்டு படிகள் எழுதிய பதாகை. நான் போன அறை ஒன்றாம் வகுப்பு. கரும்பலகையில் அன்றைய தேதியும், அதற்குக் கீழே "வருகை 31" என்றும் இருந்தது. எங்கள் கூட்டத்துக்கு வந்தவர்கள் பதினான்கு பேர். முதலில் அமைதியாக ஒரு நிமிடம், பிறகு சின்னப் பிரார்த்தனை. அப்புறம் ஒருவர் பின் ஒருவராக எழுந்து "என் பெயர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கித் தங்கள் கதையைச் சொல்வார்கள். குறுக்கே யாரும் பேச மாட்டார்கள். அறிவுரை, வாதம், கேள்வி எதுவும் கிடையாது.

உங்களைப் பேசச் சொன்னால் "இன்னிக்குக் கேக்குறேன்" என்றால் போதும். உண்மைப் பெயரைச் சொல்ல வேண்டும் என்பதில்லை. குடிநோயாளி என்று சொல்லவும் யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள். நான் மூன்று கூட்டத்துக்கு வாயே திறக்கவில்லை. நான்காவதில் எழுந்து, மகளின் காது குத்துக்கு வைத்திருந்த பணத்தைக் குடித்ததைச் சொன்னேன். அதுவரை உலகத்திலேயே நான் ஒருவன்தான் அப்படிச் செய்தவன் என்று நினைத்திருந்தேன். அந்த அறையில் இருந்த இரண்டு பேர் தலையை ஆட்டினார்கள். ஆட்டிய விதத்தில் தெரிந்துவிட்டது, அவர்களும் அதையே செய்திருக்கிறார்கள் என்று.

தெரிந்தவர் யாராவது அங்கே இருந்தால்? இருக்கலாம். அவரும் உங்களைப் போல ஒரு காரணத்தோடுதான் வந்திருக்கிறார். அங்கே பார்த்ததும் கேட்டதும் அங்கேயே நிற்க வேண்டும். கூட்டத்தில் செல்ஃபி எடுக்காதீர்கள், யாரையும் படம் பிடிக்காதீர்கள்.

தேவாலய வளாகத்தில் நடப்பதைப் பார்த்து மதம் மாற்றுவார்களோ என்று என் அம்மா பயந்தார். உங்கள் வீட்டிலும் கேட்பார்கள். இடம் வாடகைக்கு எடுத்தது மட்டும்தான். ஏ.ஏ. எந்த மதத்தையும் சேர்ந்ததில்லை. படிகளில் கடவுள் என்ற சொல் வரும், ஆனால் அவரவர் புரிந்துகொண்டபடியான கடவுள் என்றுதான் வரும். திருநீறு பூசியவர், தொப்பி வைத்தவர், சிலுவை போட்டவர், கடவுள் இல்லை என்பவர் எல்லோரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம்.

7. முதல் கூட்டம் பிடிக்கவில்லையென்றால்

ஒவ்வொரு குழுவும் ஒரு மாதிரி. ஒன்றில் வயதானவர்கள் மட்டும் இருப்பார்கள், ஒன்றில் ஒருவரே அரை மணி நேரம் பேசுவார். குறைந்தது மூன்று வெவ்வேறு குழுக்களுக்கு, மொத்தம் ஆறு கூட்டத்துக்காவது போன பிறகு முடிவு செய்யுங்கள். தொண்ணூறு நாளில் தொண்ணூறு கூட்டம் என்று பழைய உறுப்பினர்கள் சொல்வார்கள். தினமும் முடியாதவர்கள் நேரடிக் கூட்டத்தோடு இணையவழிக் கூட்டத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.

சில வாரம் போனதும் ஸ்பான்சர் ஒருவரைக் கேளுங்கள். நமக்கு முன்னால் குடியை விட்டு, படிகளைக் கடந்து வந்தவர், குடிக்கத் தோன்றும்போது போன் செய்யத்தக்கவர். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்பது வழக்கம். அழகாகப் பேசுகிறவரைத் தேடாதீர்கள், போனை எடுக்கிறவரைத் தேடுங்கள்.

ஒன்றில் மட்டும் உறுதியாக இருங்கள். மாத்திரை சாப்பிடுவதும் போதைதான், நிறுத்திவிடுங்கள் என்று கூட்டத்தில் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது அவருடைய சொந்தக் கருத்து. மருந்து விஷயம் உங்களுக்கும் உங்கள் டாக்டருக்கும் இடையில் உள்ளது.

8. தேடுவது நீங்கள் இல்லை, உங்கள் வீட்டார் என்றால்

இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் மனைவியாகவோ அம்மாவாகவோ இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அவர் வர மறுத்தாலும் நீங்கள் போகலாம். குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் இருக்கிறது, வளரும் பிள்ளைகளுக்கு அலட்டீன். இவற்றுக்கும் கட்டணம் கிடையாது. என் மனைவி எனக்கு முன்னாலேயே அல்-அனான் போகத் தொடங்கிவிட்டாள். கோவிலுக்குப் போகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், குழம்பிலும் மோரிலும் அவருக்குத் தெரியாமல் மருந்து கலக்காதீர்கள். "தெரியாமல் கொடுக்கலாம்" என்று விற்கும் பொடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. டைசல்ஃபிராம் என்றொரு மாத்திரை உண்டு. அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழுந்து, உயிரே போகலாம். சாப்பிடுபவருக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு, டாக்டர் பார்வையில் மட்டுமே கொடுக்க வேண்டிய மருந்து அது.

9. மையத்தில் சேர வேண்டியிருந்தால்

கூட்டம் மட்டும் போதாத நிலையில் உள்ளிருப்புச் சிகிச்சை தேவைப்படலாம். அரசு மருத்துவமனையில் செலவு மிகக் குறைவு. 1980இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளை சென்னை இந்திரா நகரில் நடத்தும் டி.டி.கே. மருத்துவமனை இந்தத் துறையில் பழைய, பெயர் பெற்ற இடம். வேறு எந்தத் தனியார் மையமானாலும் பணம் கட்டுவதற்கு முன் மூன்றைக் கேளுங்கள். மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்த சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். மனநல மருத்துவர் எந்த நாட்களில் வருவார் என்று கேளுங்கள். குடும்பத்தார் எப்போது பார்க்கலாம், பேசலாம் என்று கேளுங்கள். மூன்று மாதத்துக்கு யாரும் பார்க்கவே கூடாது என்றால் அங்கே சேர்க்காதீர்கள். மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கேட்டால் வாராவாரம் தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், ரசீது வாங்குங்கள்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தில் குடியால் வரும் மனநலப் பாதிப்பும் அடங்கும். சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்கும் உரிமை அதில் இருக்கிறது. தானாகச் சேர்ந்த பெரியவர் தானாக வெளியே வரக் கேட்கவும் உரிமை உண்டு. காப்பீட்டை நம்பி இறங்கினால் ஏமாற்றம்தான். பெரும்பாலான பாலிசிகளின் விலக்குப் பட்டியலில் குடி, போதைச் சிகிச்சை இருக்கும். பாலிசித் தாளில் விலக்குக் குறியீடு 12ஐப் படித்துப் பாருங்கள்.

10. நடுவில் குடித்துவிட்டால்

நாற்பத்தொன்றாவது நாள் நான் குடித்தேன். பெரிய காரணம் ஒன்றும் இல்லை, மச்சான் வீட்டுக் கிரகப்பிரவேசம். மறுநாள் காலை ஆறு மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்து, இனி எந்த முகத்தோடு அந்த அறைக்குப் போவது என்று செல்போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த இடத்தில்தான் பலர் காணாமல் போகிறார்கள். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. அடுத்த குவாட்டருக்கு முன்னால் ஒரு போன். விளக்கம், மன்னிப்பு எதுவும் தயார் செய்யாதீர்கள், எண்ணை மட்டும் அழுத்துங்கள். தொடர்ந்து பல நாள் குடித்துவிட்டீர்கள் என்றால் மேலே சொன்ன முதல் பகுதிக்கே திரும்பி, டாக்டரையும் பாருங்கள்.

ஊதாச் சட்டைக்காரர் இரண்டாவது மணியிலேயே எடுத்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். "சாப்பிட்டீங்களா?" என்றார். இல்லை என்றேன்.

"முதல்ல ரெண்டு இட்லி சாப்பிடுங்க. மீட்டிங் ஏழு மணிக்கு. ஆறே முக்காலுக்கு நான் கேட்ல நிக்கிறேன்."